கண்ணாடியில் ஒட்டிய ஐயா படம்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்த கேள்விகள் மட்டும். வீட்டுக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள், ஸ்டுடியோக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டு முகப்பில் ஐயாவின் படம் தொங்குகிறது. 1930களில் ரங்கூனில் எடுத்தது. 12க்கு 15 அங்குலம் இருக்கும். கண்ணாடிக்குள் ஒரு ஓரம் ஈரம் பட்டதுபோல் மினுமினுக்கிறது. பிரேம் கடைக்காரர், "பிரித்துத் துடைத்து லேமினேட் பண்ணித் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, கானாடுகாத்தான்

கொடுக்காதீர்கள். அந்த மினுமினுப்பு, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டதற்கு அடையாளம்.

அந்தக் காலத்துப் பெரிய படங்கள் பெரும்பாலும் புரோமைடு காகிதத்தில் போட்டவை. காகிதத்தின் மேல் பேரைட்டா என்னும் வெள்ளைப் பூச்சு, அதற்கு மேல் ஜெலட்டின், ஜெலட்டினுக்குள் உருவத்தைக் காட்டும் வெள்ளித் துகள். ஜெலட்டின் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்பும், இளகும். நடுவில் அட்டை வைக்காமல் படத்தைக் கண்ணாடியில் நேரே அழுத்திச் சட்டம் போட்டிருந்தால், ஐப்பசி கார்த்திகை மழையில் இளகி ஒட்டும். பங்குனி வெயிலில் காய்ந்து இறுகும். வருஷா வருஷம் இதே கதைதான். இப்போது பிடித்து இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும், உங்கள் கையில் வெறும் காகிதம் மிஞ்சும்.

எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, டார்ச்சைக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். ஒட்டிய இடம் கறுத்து, நனைந்ததுபோல் தெரியும். ஒட்டாத இடம் சற்று மங்கலாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே எண்ணெய்ப் படலம்போல வானவில் கோடு ஓடும். ஹேர் டிரையர் காட்டுவது, ஃப்ரிட்ஜில் வைப்பது, பிளேடு விட்டு நெம்புவது எல்லாம் ஆளாளுக்குச் சொல்லும் வைத்தியம், ஒன்றும் வேண்டாம். தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கும் முறை ஒன்று உண்டு. அதைப் பழம்படப் பாதுகாப்பில் பயிற்சி உள்ளவர்தான் செய்யவேண்டும். உங்கள் ஐயா படத்தில் சால்வைக் கரைக்கோ உதட்டுக்கோ கையால் வண்ணம் தீட்டியிருந்தால் அதுவும் கூடாது. நீர்வண்ணமாக இருந்தால் கரைந்து ஓடிவிடும்.

முதல் வேலை, ஒட்டிய நிலையிலேயே, கண்ணாடி வழியாகவே நகல் எடுப்பது. பர்மாத் தேக்குச் சட்டம் கனக்கும். இரண்டு பேராக இறக்குங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும், நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். ஸ்பிரே அடித்தால் நீர் சட்டத்தின் இடுக்கில் இறங்கிவிடும். படத்தைச் சுவரில் நேராகச் சாய்த்து, கேமராவை முக்காலியில் அதற்கு நேர் எதிரே வையுங்கள். கேமரா கோணலாக நிற்கிறதா என்று பார்க்கச் சுலப வழி இருக்கிறது. முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைப் படத்தின் நட்டநடுவில் தட்டையாக ஒட்டவைத்துப் பிடித்து, திரையில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் விழுந்தால் கேமரா நேராக இருக்கிறது.

இரண்டு எல்.இ.டி. விளக்குகள், இடமும் வலமும், 45 பாகையில், சம தூரத்தில். கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டி, லென்ஸ் மட்டும் வெளியே வரும்படி ஓட்டை போடுங்கள். இல்லாவிட்டால் படத்தில் உங்கள் சட்டையும் ஜன்னலும் சேர்ந்து விழும். ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப்8, ரா கோப்பு (கேமரா திருத்தாத மூலப் பதிவு), 2 விநாடி டைமர். மின்விசிறியை நிறுத்துங்கள். 24 மெகாபிக்சல் கேமராவின் 4000 பிக்சல் பக்கம் உங்கள் 12 அங்குலத்துக்கு விழுந்தால், அங்குலத்துக்கு 333 பிக்சல் கிடைக்கும். அதே அளவுக்கு மறுபிரதி போட இது தாராளம். கைபேசிதான் இருக்கிறதென்றால் கிட்டே போகாமல், இரண்டு மடங்கு ஜூம் லென்ஸில் தள்ளி நின்று எடுங்கள். அகல லென்ஸ் சட்டத்தை வளைத்துக் காட்டும்.

படத்தின் கறுத்த பகுதிகளில், குறிப்பாக ஓரங்களில், நீலம் கலந்த உலோகப் பளபளப்பு இருக்கிறதா? அது பூஞ்சை இல்லை. வெள்ளி மெல்ல மேலேறி மேற்பரப்பில் படிந்தது. துடைத்தால் படமே போகும். விளக்குகளுக்கு முன் போலரைசர் தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி), லென்ஸில் போலரைசர், இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும்படி திருப்பினால், எடுக்கும் நகலில் அந்தப் பளபளப்பு மறைந்துவிடும். வெளிச்சம் நிறையக் குறையும், ஷட்டரை மெதுவாக்கிக்கொள்ளுங்கள்.

நகல் கைக்கு வந்தபின் பின்பக்கத்தைக் கவனியுங்கள். பலகையும் துருப்பிடித்த ஆணியும் பழைய செய்தித்தாளும் இருக்கும். ஆணியைக் குறட்டால் மெல்ல இழுங்கள், தட்ட வேண்டாம். கண்ணாடியையும் படத்தையும் ஒரே துண்டாகப் பாவித்து, பலகைக்குப் பதில் அமிலமில்லாத அட்டை வைத்து மூடுங்கள். ராமபாணப் பூச்சிக்கு ஜெலட்டினும் பசையும் விருந்து. அதனால் பின்பக்க இடுக்கைக் காகித டேப்பால் அடைப்பது நல்லது. சட்டத்தின் கீழ்மூலை இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். ஓடு ஒழுகி ஈரம் இறங்கும் சுவரிலும், வளவில் (நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியில்) மழைச்சாரல் அடிக்கும் பக்கத்திலும் மாட்டாதீர்கள். ஒட்டாத மற்ற படங்களுக்கு, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் அட்டைச் சட்டம் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

லேமினேஷன் பற்றி: சூட்டு உருளையில் போனால் பிளாஸ்டிக் உருகி ஜெலட்டினோடு ஒட்டிப்போய்விடும். பிறகு எவராலும் பிரிக்க முடியாது.

1981இல் நடந்த எங்கள் கல்யாண ஆல்பம் பீரோவைவிட்டு வெளியே வந்ததே இல்லை. ஆனாலும் எல்லாப் படமும் சிவந்துவிட்டது. வெயிலே படாமல் எப்படி?
— வாசகர், தேவகோட்டை

கலர் காகிதத்தில் சயான் (பச்சைநீலம்), மெஜந்தா (ஊதாச்சிவப்பு), மஞ்சள் என மூன்று சாயம். 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் வந்த காகிதங்களில் சயான் சாயம் இருட்டிலேயே மங்கக்கூடியது. அது போனால் மிச்சமிருக்கும் இரண்டும் சேர்ந்து சிவப்பாகத் தெரியும். சூடும் ஈரமும் இதை முடுக்கிவிடும். ஆகவே பரணில் கிடந்த ஆல்பம் பீரோவில் இருந்ததைவிட மோசமாக இருக்கும்.

முதலில் நெகட்டிவ் இருக்கிறதா என்று தேடுங்கள். ஸ்டுடியோ கொடுத்த காகித உறையை ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் சொருகி வைக்கும் வழக்கம் உண்டு. இருந்தால் அதை ஸ்கேன் செய்வதே மேல். இல்லையென்றால் பிரிண்டை 600 பி.பி.ஐ.யில், 48 பிட் டிஃப் கோப்பாக, ஸ்கேனரின் தானியங்கி வண்ணத் திருத்தத்தை அணைத்துவிட்டு எடுங்கள். பிறகு படத் திருத்த மென்பொருளின் லெவல்ஸில் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களைத் தனித்தனியே சரிசெய்யவேண்டும். சயான் போனதால் சிவப்புச் சேனல்தான் சப்பென்று கிடக்கும். அதன் இரு முனையையும் உள்ளே இழுங்கள். வெள்ளைக்கு மாப்பிள்ளையின் வேட்டி, கறுப்புக்குத் தலைமுடி. இந்த இரண்டும் சரியானால் முக நிறம் முக்கால்வாசி தானாக வந்துவிடும்.

பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை ஒட்டும் பசைப் பக்க ஆல்பமாக இருந்தால், படத்தை மூலையைப் பிடித்துப் பிய்க்காதீர்கள். பல்லிடுக்கு சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, ரம்பம்போல் இழுத்து வாருங்கள். பிடிவாதமாக இருந்தால் அந்தப் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிட்டு விட்டுவிடுங்கள்.

காரைக்குடியில் ஸ்டுடியோவும் மினிலேபும் (கெமிக்கலில் கலர் பிரிண்ட் கழுவும் இயந்திரம்) வைத்திருக்கிறேன். இப்போது ஒரு நாளைக்கு 4×6 அளவில் 150 பிரிண்ட் வந்தாலே பெரிது. வெள்ளைப் பகுதி மஞ்சளடிக்கிறது. கெமிக்கலை மாற்றினாலும் ஒரு மாதத்தில் பழைய கதை. கெமிக்கல் இல்லாத டிரை லேபுக்குப் போகலாமா?
— வாசகர், காரைக்குடி

கெமிக்கல் மேல் தப்பில்லை, கணக்கு இடிக்கிறது. 4×6 பிரிண்ட் ஒன்று ஏறக்குறைய 0.0155 சதுர மீட்டர். 150 பிரிண்டுக்கு 2.3 சதுர மீட்டர். ஆர்.ஏ.-4 (கலர் காகிதக் கழுவுமுறை) டெவலப்பருக்குச் சதுர மீட்டருக்கு 160 மி.லி. வீதம் ரீப்ளெனிஷர் (தொட்டியில் சேரும் புதுக் கரைசல்) இறங்குகிறதென்றால், நாளைக்கு 370 மி.லி. தொட்டி 20 லிட்டர் என்று வைத்தால், உள்ளே இருப்பது முழுதாகப் புதுப்பிக்கப்பட 54 நாள் ஆகும். டெவலப்பர் 35 டிகிரி சூட்டில் காற்றைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு நாள் நிற்காது. ஆக்சிஜனேற்றம் அடைந்து தார்போலக் கறுத்து, காகிதத்தில் கறை ஏற்றும். மூன்று, நான்கு வாரத்துக்குள் ஒரு தொட்டி புரளும் அளவுக்கு வேலை இருந்தால்தான் ஈர லேப் ஒழுங்காக ஓடும். போதாக்குறைக்குப் போர்த் தண்ணீரில் கலக்கினால் சுண்ணாம்பு படிந்து உருளைகளில் கோடு விழும். ஆர்.ஓ. நீர் மட்டுமே ஊற்றுங்கள். ராக்கை (தொட்டிக்குள் இருக்கும் உருளைச் சட்டத்தை) கழுவி மாட்டும்போது அடுத்த தொட்டியின் பிளீச்-ஃபிக்ஸ் கரைசல் டெவலப்பரில் சொட்டினாலும் கறை வரும். டெவலப்பர் ராக்கை எப்போதும் முதலில் எடுத்து முதலில் மாட்டுங்கள்.

எங்கள் எண்ணம்: அக்கம்பக்கத்து ஸ்டுடியோக்களின் கல்யாண ஆல்பமெல்லாம் உங்களிடம் வருமானால் மினிலேபை வைத்துக்கொள்ளுங்கள். 12×36 தாள் கணக்கில் போகும்போது சதுர அடி விலையில் மினிலேபின் சில்வர் ஹாலைடு காகிதத்தை மிஞ்சுவது கஷ்டம். வெறும் மேக்ஸியும் (4×6 படம்) பாஸ்போர்ட் படமும்தான் என்றால், மினிலேபில் நின்றுபோன லேசர் ஒன்றுக்குச் செலவழிக்கும் பணத்தில், ரிப்பனிலுள்ள சாயத்தைச் சூட்டால் காகிதத்தில் ஏற்றும் டை-சப்ளிமேஷன் பிரிண்டரே வந்துவிடும்.

டை-சப்பில் மஞ்சள், மெஜந்தா, சயான், மேல்பூச்சு என நான்கு தட்டு ரிப்பன் ஒவ்வொரு பிரிண்டுக்கும் முழுதாகச் செலவாகும். படம் வெள்ளையாக இருந்தாலும் கறுப்பாக இருந்தாலும் ஒரே செலவு. அதனால் விலை போடச் சுலபம். டி.என்.பி.யின் ஆர்.எக்ஸ்.1 வகைப் பிரிண்டரில் ஒரு ரோலுக்கு 4×6 எழுநூறு. எதிரி தூசிதான். நம் ஊர்ச் செம்மண் புழுதி ஒரு துகள் அச்சிடும் ஹெட்டில் ஒட்டினால் பிரிண்ட் நெடுக வெள்ளைக்கோடு விழும். கதவு மூடிய ஏ.சி. அறையில் வையுங்கள், ரோல் மாற்றும்போதெல்லாம் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒரே திசையில் துடையுங்கள்.

இங்க்ஜெட் டிரை லேப் வாங்கினால் சும்மா போடக்கூடாது. தினமும் காலையில் ஒரு நாஸில் (மை தெளிக்கும் துளை) செக். கடையைப் பத்து நாள் பூட்டிவிட்டுத் திருவிழாவுக்குப் போனால் நாஸில் அடைத்துக்கொண்டு, திறக்க ஊற்றும் மையே ஒரு ஆல்பத்துக்கு ஆகும்.

இன்னொன்று, பலர் கவனிப்பதில்லை. தீர்ந்த டை-சப் ரிப்பனை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அச்சடித்த ஒவ்வொரு முகமும் அதில் நெகட்டிவாக அப்படியே இருக்கும். வாடிக்கையாளரின் ஆதார் நகலும் சேர்த்துத்தான். முழு ரோலாகக் குப்பைக்குப் போடாமல் நறுக்கிப் போடுங்கள்.

பழைய ஹைப்போவில் (படத்தை நிலைப்படுத்தும் கரைசல்) வெள்ளி இருக்கிறது என்கிறார்களே, எடுக்க முடியுமா?
— வாசகர், கோட்டையூர்

கறுப்பு-வெள்ளை வேலைக்குப் பயன்பட்ட ஹைப்போவில் லிட்டருக்குச் சில கிராம் இருக்கும். எளிய வழி, இரும்புக் கம்பளி நிரப்பிய பிளாஸ்டிக் வாளி வழியாக அதை மெதுவாகச் சொட்டவிடுவது. இரும்பு கரைந்து கரைசலுக்குள் போகும், வெள்ளி கறுத்த சேறாக அடியில் தங்கும். மின்பகுப்பிலும் எடுக்கலாம்: கார்பன் நேர்மின்வாய், எவர்சில்வர் எதிர்மின்வாய், குறைந்த மின்னோட்டம், கரைசலைக் கலக்கிக்கொண்டே இருக்கவேண்டும். மின்னோட்டத்தைக் கூட்டினால் அழுகிய முட்டை நாற்றம் வரும்; வெள்ளி சல்பைடாகக் கறுத்துக் கெட்டுவிட்டது என்று பொருள். சோடியம் சல்பைடு போட்டு எடுக்கும் முறையை வீட்டில் தொடவே வேண்டாம். வரும் வாயு நச்சு. கலர் லேபின் பிளீச்-ஃபிக்ஸில் இரும்புச் சேர்மம் இருப்பதால் மின்பகுப்பு சரியாக ஓடாது.

எடுக்கிறீர்களோ இல்லையோ, ஊருணிப் பக்கம் கொட்டாதீர்கள். மின்வேதியியலுக்கென்றே 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த மத்திய ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் இருக்கும்போது, ஹைப்போவைச் சாக்கடையில் விடுவது கொஞ்சம் வெட்கக்கேடு.

கோடாக் திவால் என்றார்கள். கோடாக் பிலிம் இன்னும் விற்கிறதே?
— கல்லூரி மாணவர், காரைக்குடி

2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக்கு மனுச் செய்தது. 2013 செப்டம்பரில் வெளியே வந்தது. பிலிம் இன்றும் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஈஸ்ட்மேன் கோடாக் ஆலையில்தான் உருவாகிறது. ஆனால் 2013இல் ஸ்டில் பிலிம், காகித வியாபாரம் பிரிட்டனிலுள்ள கோடாக் ஊழியர் ஓய்வூதிய நிதியிடம் போய், கோடாக் அலாரிஸ் என்ற தனி நிறுவனமானது. பெயர் ஒன்று, வீடு இரண்டு.

போட்டி நிறுவனமான ஃபியூஜி மட்டும் எப்படித் தப்பியது என்று அடுத்து கேட்பீர்கள். எல்.சி.டி. திரைக்கு வேண்டிய டி.ஏ.சி. என்னும் தெளிந்த பிளாஸ்டிக் படலம் பிலிமின் அடித்தளத்திலிருந்து வந்தது. ஜெலட்டின், சாயம் மங்காமை பற்றிய அறிவு அழகுசாதனத்துக்குப் போனது. மருத்துவப் பிரிவைக் கையைவிட்டு விடவில்லை. கோடாக்கிடமும் இதெல்லாம் இருந்தது. ஈஸ்ட்மேன் கெமிக்கலை 1994இல் தனியே பிரித்தது, மருத்துவப் படப் பிரிவை 2007இல் விற்றது. முதல் டிஜிட்டல் கேமராவை 1975இல் செய்தவர் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் என்பதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். விற்றுத் தீர்த்த துறைகளைப் பற்றிப் பேச ஆளில்லை.

அமெரிக்க விசாவுக்கு அப்பச்சியின் படத்தை இணையத்தில் ஏற்றினால் திரும்பத் திரும்பத் தள்ளுகிறது.
— வாசகி, புதுவயல்

வெள்ளைச் சட்டை, வெள்ளைத் திரை, நரைத்த தலை. எல்லை எங்கே என்று கணினிக்குத் தெரியவில்லை. கலர்ச் சட்டை போடச் சொல்லுங்கள். திரையிலிருந்து மூன்று நான்கு அடி முன்னால் நிறுத்தி எடுக்கவேண்டும். அளவு 2×2 அங்குலம், தலை உச்சி முதல் தாடை வரை 25 முதல் 35 மி.மீ. கோப்பு 600×600 முதல் 1200×1200 பிக்சல், ஜேபெக், 240 கே.பி.க்குள். மூக்குக்கண்ணாடி 2016 நவம்பரிலிருந்து கூடாது. ஸ்டுடியோவில் முகத்தை வெளுத்து, பின்னணியை வெட்டி மாற்றியிருந்தாலும் தள்ளிவிடும். சிங்கப்பூருக்கென்றால் 35×45 மி.மீ.; ஒன்றுக்கு எடுத்ததை மற்றதற்கு நறுக்கிக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக் கல்யாணங்களில் வளவில் எடுக்கும் முகங்கள் தாடைக்குக் கீழே பச்சையும் சிவப்புமாக வருகின்றன. ஒயிட் பேலன்ஸ் மாற்றியும் போகவில்லை.
— கல்யாணப் புகைப்படக்காரர், பள்ளத்தூர்

போகாது. ஒயிட் பேலன்ஸ் படம் முழுவதையும் மாற்றும். உங்களுக்கு நிறம் ஏறுவது கீழிருந்து மட்டும். நடுமுற்றத்து வெயில் தரையிலுள்ள வண்ண ஆத்தங்குடிக் கல்லில் பட்டு முகத்தின் அடியில் ஏறுகிறது. மணமக்களுக்கு முன்னால், ஃபிரேமுக்கு வெளியே, ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிடுங்கள். நிறம் போகும், திருப்பூட்டும்போது (தாலி கட்டும்போது) குனிந்த முகத்துக்கு அடியிலிருந்து மென்வெளிச்சமும் கிடைக்கும், கழுத்துரு என்னும் தாலியின் அடிப்பக்க வேலைப்பாடும் தெரியும்.

முற்றத்துக்கு மேல் துணி கட்டுவதானால் வெள்ளைத் துணி கட்டச் சொல்லுங்கள். சிவப்பு மஞ்சள் சாமியானா கட்டினால் ஃபோட்டோஷாப்பும் கைவிரித்துவிடும். ஃபிளாஷை மேலே திருப்பிப் பவுன்ஸ் அடிக்காதீர்கள். தேக்கு மச்சு பழுப்பு வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். சுண்ணாம்பு இழைத்த சுவர் கண்ணாடிபோல ஆகையால் நேர் எதிரே நின்று அடித்தால் வெள்ளைத் திட்டு விழும். வெள்ளைக் குடை போட்டு, 45 பாகையில், கால் சக்தியில். சீரியல் லைட் உள்ள இடத்தில் ஷட்டர் 1/50 அல்லது 1/100. நம் மின்சாரம் 50 சுழற்சி, வேறு வேகத்தில் பட்டை விழும்.

பழைய குடும்பப் படங்களை ஏ.ஐ. செயலியில் தெளிவாக்குவது சரியா?
— வாசகி, கண்டனூர்

கீறலை எடுக்க, தூசியை நீக்கச் சரி. முகத்தைத் தெளிவாக்கச் சொன்னால், இருப்பதைத் துலக்காது. புது முகம் வரைந்துவிடும். திருநீற்றுப் பட்டையைச் சுருக்கமென்று நினைத்து அழித்திருக்கும், காதுக் கடுக்கன் காணாமல் போயிருக்கும், ருத்திராட்சம் முத்துமாலை ஆகியிருக்கும். முன்னோரை வணங்கும் படைப்பு வீட்டில் மாட்டுகிற படத்துக்கு இது ஆகாது. ஸ்கேன் செய்த மூலக் கோப்பைத் தொடாமல் தனி ஃபோல்டரில் வையுங்கள். திருத்தியதன் பெயரிலேயே "ஏ.ஐ." என்று சேர்த்துவிடுங்கள், பத்து வருஷம் கழித்துப் பேரன் பேத்திகள் குழம்பமாட்டார்கள்.

மூடிய ஸ்டுடியோ ஒன்றிலிருந்து பிரிக்காத "இந்து" புரோமைடு பேப்பர் பாக்கெட் கிடைத்தது. இன்னும் வேலை செய்யுமா?
— வாசகர், கீழச்சிவல்பட்டி

ஊட்டியில் 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் சரக்கு அது. இந்து என்பது அவர்களின் வணிகப் பெயராக இருந்தது. கறுப்பு-வெள்ளைப் பேப்பர் ஆகையால் சோதித்துப் பார்க்க வாய்ப்பிருக்கிறது.

சிவப்பு விளக்கில் பிரித்து ஒரு தாளை எடுத்து, வெளிச்சம் காட்டாமல் இரண்டாக நறுக்குங்கள். ஒரு துண்டை நேரே ஹைப்போவில் போடுங்கள். மற்றதை டெவலப்பரில் 2 நிமிடம், ஸ்டாப் பாத்தில் அரை நிமிடம், பிறகு ஹைப்போ. இரண்டையும் கழுவிக் காயவைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே வெள்ளையாக இருந்தால் பேப்பர் நன்றாக இருக்கிறது. டெவலப் செய்த துண்டு லேசாகச் சாம்பல் பூத்திருந்தால் டெவலப்பரில் பென்ஸோட்ரையசோல் சேர்த்துப் பாருங்கள். சாம்பல் குறையும், வேகமும் குறையும், எக்ஸ்போஷரைக் கூட்டிக்கொள்ளவேண்டும். கரும்சாம்பலாக வந்தால் பிரிண்ட் போட ஆகாது. ஓரம் மட்டும் கறுத்து நடு வெள்ளையாக இருப்பதும் உண்டு. காற்று ஓரத்திலிருந்துதான் உள்ளே ஏறும். அப்படியென்றால் நான்கு பக்கமும் ஒரு அங்குலம் வெட்டிவிட்டு நடுவை வைத்துக்கொள்ளுங்கள்.